யானை சொன்னா சொன்னதுதான்

எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு மனித ஜாதியின் மேல் நம்பிக்கை கிடையாது. பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சொன்னால் சிரிப்பார். நாளைக்குப் பிரதோஷம் என்று குருக்களே சொன்னாலும் வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்ப்பார். பெற்ற மகள் "தல வலிக்குது நைனா" என்றால், தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க வலிக்குது? எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்பார். ஆனால் டிவியில் ஒரு கார்ட்டூன் யானை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பல்பொடி வாங்கச் சொன்னால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

நகரியில் எங்கள் தெரு முழுக்கப் பவர்லூம் சத்தம். மாமாவுக்குச் சொந்தமாக நாலு தறி இருந்தது. தறிக்கொட்டகையின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் அதைக் கழற்றமாட்டார். அத்தை கேட்டாலும் தரமாட்டார். கட்டிய பெண்டாட்டியாக இருந்தாலும் அவளும் மனித ஜாதிதானே.

அந்த யானையை இப்போது யாருக்கும் நினைவிருக்காது. பட்டைக்கரை வேட்டி, முறுக்கு மீசை, கக்கத்தில் ஒரு குடை. குழந்தை ஒன்று பல்வலி என்று அழும். யானை ஆடி அசைந்து வந்து பல்பொடி டப்பாவைத் தும்பிக்கையால் நீட்டும். குழந்தை சிரித்ததும் தன் தந்தத்தை ஒரு தட்டுத் தட்டி, "யானை சொன்னா சொன்னதுதான்!" என்று முழங்கும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற விளம்பரம். அதற்காக மாமா சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வருவார்.

"அதுக்கு வாயிலயே தந்தம் கீது. பல்லப் பத்தி அதுக்குத் தெரியாம, உங்க பல் டாக்டருக்கா தெரியும்?" என்பார்.

யானை என்று வெறுமனே சொல்லமாட்டார். தெலுங்கு மரியாதை சேர்த்து 'யானைகாரு' என்றுதான் சொல்வார். எங்கள் ஊர் எம்.எல்.ஏ.வுக்குக்கூட அவர் வாயிலிருந்து அந்தக் 'காரு' கிடைத்ததில்லை.

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் உண்டு. அதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். மாநிலங்களைப் பிரித்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த காலத்தில் அவருக்கு மீசை அரும்பும் வயது. அவர்கள் வீடு பெரிய வீடு என்பதால் வந்த தலைவர்களெல்லாம் அங்கேதான் சாப்பிட்டார்கள். தமிழ் பேசிக்கொண்டு வந்தவர், "நகரி நமக்குத்தான், மெட்ராஸோடு சேர்த்துவிடுவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீன் குழம்பு சாப்பிட்டார். அடுத்த வாரம் தெலுங்கு பேசிக்கொண்டு வந்தவர், "திருத்தணியை விடவே மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அதே மீன் குழம்பைச் சாப்பிட்டார். கடைசியில் கோடு போட்டபோது நகரி ஆந்திராவில் நின்றது, திருத்தணி அந்தப் பக்கம் போனது. மாமாவின் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது திருத்தணியில்.

"தமிழ்ல ஒரு வாக்கு, தெலுங்குல ஒரு வாக்கு. ரெண்டும் பொய்யி. குழம்பு மட்டும்தான் நிஜம். அன்னிக்கு முடிவு பண்ணேன், இனி மனுசன நம்பறதில்லன்னு. பொம்மை எப்பனா வாக்கு மாறிக்கீதா? இன்னிக்கு சொன்னதயேதான் நாளிக்கும் சொல்லும்."

ஒருநாளைக்கு எட்டு முறை ஒரே வசனத்தைச் சொல்கிற கார்ட்டூன், வாக்கு மாறாதவர்களின் பட்டியலில் சேர்ந்தது இப்படித்தான்.

எங்கள் தெருவின் முதல் டிவி அவர் வீட்டில்தான் வந்தது. மாடியில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, ஆண்டெனாவை மெட்ராஸ் திசைக்குத் திருப்பி வைத்திருந்தார். படம் பாதி, பனி பாதியாகத் தெரியும். ஒரு வருஷம் ஆடிக் காற்றில் ஆண்டெனா தானாகவே திருப்பதிப் பக்கம் திரும்பிவிட்டது. மறுநாள் டிவியைப் போட்டால் யானை தெலுங்கில் பேசியது. "ஏனுகு மாட்ட தப்பது!" என்று அதே வசனத்தை முழங்கித் தந்தத்தைத் தட்டியது.

மாமா நொறுங்கிப் போவார் என்று என் அப்பா நினைத்தார். அவரோ எழுந்து நின்று கைதட்டினார்.

"ரெண்டும் பேசறாருய்யா! ரெண்டும் தண்ணியாட்டம் பேசறாரு! மெட்ராஸ்காரனுக்குத் தெலுங்கு இப்பிடி வராது. ஹைதராபாத்காரனுக்குத் தமிழு வராது. அப்ப அவுரு எந்த ஊரு? நகரியா, புத்தூரா, அதான் தெரியணும்."

அப்பா பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு பேரு தனித்தனியா குரல் குடுக்கறாங்கப்பா. தமிழுக்கு ஒருத்தன், தெலுங்குக்கு ஒருத்தன்."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காதத சொல்லிக்கினு கீற. நான் பாத்தத சொல்றேன். ஒரே யானை."

சந்தையில் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் கடைக்காரனைத் திட்டுகிற ஊர் எங்களுடையது. மற்ற ஊர்களில் இரண்டு மொழிக்கு இரண்டு ஆள் தேவைப்படும் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாள் ஆராய்ச்சிக்குப் பிறகு, யானைகாரு புத்தூர்க்காரர்தான் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். குடையைக் கக்கத்தில் வைக்கிற விதம் புத்தூர் விதமாம். டீக்கடையில் யாரும் மறுக்கவில்லை. சித்தூர்க்காரர் ஒருவர் மட்டும் எங்கள் ஊர் என்று உரிமை கொண்டாடிப் பார்த்தார், எடுபடவில்லை.

யானை ஒன்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துணி சோப்புக்கு ஒரு குருவி, வலித் தைலத்துக்கு ஒரு கரடி என்று வீட்டில் ஒரு மிருகக்காட்சி சாலையே ஆட்சி செய்தது. ஒரு முறை தறிக்கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து மாமாவின் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு முறிந்தால் எங்கிருந்தெல்லாமோ ரயிலேறிப் புத்தூருக்குக் கட்டுப்போட வருகிறார்கள். எங்களுக்கு அது பக்கத்து ஊர். ஆனால் "தேய்ச்சா போதும்" என்று கரடி சொல்லியிருந்ததே! மாமா தேய்த்தார். கை சுரைக்காய் மாதிரி வீங்கியது. அத்தை அழுது புரண்டு கடைசியில் அவரைப் புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன்.

கட்டுப்போடுகிறவர் கையை முகர்ந்து பார்த்தார். "இன்னாய்யா இது வாசன?"

"கரடித் தைலம்."

"கரடிக்குக் கை ஒடஞ்சாலே இங்கதான்யா தூக்கிக்கினு வரணும். நீ இன்னா இத்தினி நாள் கழிச்சு வந்து நிக்கற?"

அந்தக் கிண்டல் வேறு யாருக்கென்றாலும் உறைத்திருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா பெருமையாக என்னிடம் சொன்னார்: "பாத்தியா, கரடிகூட இவுருகிட்டதான் வருதாம். அவுரே சொன்னாரு." கை சரியான பிறகும், கரடித் தைலம் தேய்த்து வைத்ததால்தான் கட்டு நின்றது என்றே சாதித்தார்.

இதையெல்லாம் பார்த்து நாங்கள் சிரித்தோம். சிரிக்க முடியாதவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். மாமாவின் மகள் வசந்தா, என் வகுப்புத் தோழி. வந்த வரன்களையெல்லாம் மாமா சந்தேகப்பட்டே விரட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் சொன்ன வேலை பொய், ஒருவன் சொன்ன வயது பொய், ஒருவனுக்கு மீசையே பொய் என்று சொல்லிவிட்டார். என் கல்யாணம் முடிந்து, கையில் குழந்தையோடு நான் அம்மா வீட்டுக்கு வந்து போகிற காலத்திலும் அவள் ஜன்னலோரம் நின்று டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். ஜாதகம் கொண்டுவர யாரும் மிச்சமில்லை என்கிற நிலைமையில், என் அம்மா புத்தூரிலிருந்து ஒரு இடம் கொண்டுவந்தாள். விவசாயக் குடும்பம். பையன் பெயர் குமார். திருப்பதியில் பல்பொடிக் கம்பெனியில் வேலை.

"எந்தப் பல்பொடி?" என்றார் மாமா.

அம்மா சொன்னாள். மாமா அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக விசாரிக்கவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று வடையும் கேசரியும் மணந்தன. வந்தவர்கள் பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். மாமா யானையைப் பற்றிக் கேட்டார்.

"யானைகாரு சௌக்கியமா கீறாரா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று குமார் நினைத்துக்கொண்டான். "நல்லாத்தான் கீறாரு மாமா. வெயில்தான் தாங்கல."

"நேர்ல பாத்துக்கீறியா?"

"டெய்லி பாக்கறேனே."

மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "கிட்டக்கவா?"

குமார் சிரித்தான். "மாமா, நான்தான் யானை. டிவில வர்றது வரைஞ்ச படம். பஸ் ஸ்டாண்டு, சந்தை, திருநாளுன்னு நேர்ல வர்றதுக்கு ஒரு டிரெஸ் கீது. அத மாட்டிக்கினு ஆடறது நான்தான்."

மாமாவின் கையில் வடை அப்படியே நின்றது. அவர் முகம் அப்போது எப்படிப் போனது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

"அப்ப, உள்ள மனுசன் கீறான்," என்றார்.

அவர்கள் போனதும், "இந்த இடம் வேணாம். மனுசனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்," என்று கத்தினார்.

"பின்ன எதுக்குங்க குடுப்பீங்க?" என்று கேட்டாள் அத்தை. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வசந்தா சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த வூட்ல நான் ஜொரம்னு சொன்னாகூட சாட்சி வேணும்டி. அவுரு யானைக் கம்பெனி ஆபீசருன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், நைனா நம்பியிருப்பாரு. நிஜத்த சொன்னாரு. நிஜத்த சொன்னதுக்கே வேணாம்னுட்டாரு பாரு. எனக்கு இவுருதான் வேணும்." பொய் சொன்னவர்களை விரட்டியே பெயர் வாங்கிய மனிதர், உண்மை சொன்ன ஒருவனையும் விரட்டிவிட்டார். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அந்த டிவியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன்.

டிவியைப் போடுவதற்குப் பதில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் குமாருக்குப் போன் போட்டோம். நகரிச் சந்தை நாளில் கம்பெனியின் விளம்பர வேன் வரும், கூடவே யானையும் வரும் என்றான். "ஆனா டிரெஸ் போட்டா வாயத் தொறக்கக் கூடாது. கம்பெனி ரூல்ஸ். பேச்செல்லாம் வேன் ஸ்பீக்கர்லதான் வரும். மீறிப் பேசினா வேலையே போய்டும்," என்றான்.

"நீங்க பேச வேணாம், வந்து நில்லுங்க," என்றாள் வசந்தா.

சந்தை நாளில், உச்சி வெயிலில் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பின்னாலேயே குழந்தைகள் கூட்டம். யானை இறங்கியது. வேட்டி, மீசை, குடை எல்லாம் இருந்தது. பெரிய தலை. அதன் பிளாஸ்டிக் கண்கள் மேலே இருந்தன. உள்ளே இருப்பவன் பார்ப்பது வாயில் வைத்த வலை வழியாக, ஒரு சாண் கீழே. யானை நேராக மாமா வீட்டு வாசலில் வந்து கையைக் கூப்பி நின்றது.

உள்ளே இருப்பது யார் என்று மாமாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் அவர் வாசற்படி இறங்கி வந்து, தலையை நிமிர்த்தி, அந்தப் பிளாஸ்டிக் கண்களைப் பார்த்துப் பேசினார்.

"யானைகாரு, இன்னா வேணும்?"

தும்பிக்கை கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே வசந்தா நின்றிருந்தாள். தெரு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"என் பொண்ணா?"

யானை தலையாட்டியது.

"நல்லா வெச்சிக்குவியா?"

மறுபடி தலையாட்டியது.

"தலைய பூம்பூம் மாடுகூடத்தான் ஆட்டும். வாயத் தொறந்து வாக்குக் குடு."

யானை திணறியது. வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் பெண் போகும். நான் வேனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டிரைவரின் தோளை ஒரு இடி இடித்தேன். அவர் டேப்பைத் தட்டினார். தெரு அதிர்ந்தது.

"ஏனுகு மாட்ட தப்பது!" என்றது ஸ்பீக்கர். ஒரு டங்கு டங்கு மேளம். பிறகு, "யானை சொன்னா சொன்னதுதான்!"

மாமாவின் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகக் கலங்கியது, நான் கிட்டே நின்று பார்த்தேன்.

"தெலுங்குலயும் அதேதான் சொல்றாரு, தமிழ்லயும் அதேதான் சொல்றாரு," என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். "என் வயசுக்கு எவனும் எனக்கு ரெண்டு பாஷையிலயும் ஒரே வாக்கு குடுத்ததில்லய்யா."

அத்தையைக் கூப்பிட்டு வெற்றிலைத் தட்டு கொண்டுவரச் சொன்னார். தட்டை யானையின் கையில் வைத்துவிட்டு எச்சரிக்கையும் கொடுத்தார்: "நான் குடுக்கறது யானைகாருக்கு. உள்ள எவன் கீறான்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

கல்யாணத்துக்கு யானைத் தலையும் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கம்பெனியில் கெஞ்சி வாங்கி வந்து மேடையோரம் நாற்காலியில் வைத்தார்கள். வந்தவர்களில் பலர் மீசை வைத்த பிள்ளையார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். யாரோ ஒருவர் தேங்காயே உடைத்துவிட்டார்.

வசந்தா திருப்பதியில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். குறை ஒன்றே ஒன்று. மாமா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பேசினால் குமாரின் தலைக்கு ஒரு சாண் மேலே, யானைக்குக் கண் இருந்த இடத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "சாப்ட்டீங்களா யானைகாரு" என்று சுவரைக் கேட்பார். குமார் ஒருமுறை குதிகாலைத் தூக்கி எம்பிப் பார்த்தான். மாமாவின் கண்ணும் ஒரு சாண் மேலே ஏறிக்கொண்டது. "என்னப் பாக்கவே மாட்டாரா?" என்று அவன் கேட்டபோது வசந்தா அழுதாளாம்.

சில வருஷங்கள் கழித்துக் கம்பெனி யானையைக் கைவிட்டது. கார்ட்டூனெல்லாம் பழசாகிவிட்டதாம். ஒரு நடிகையைப் பிடித்துப் போட்டார்கள். டிரெஸ்ஸை வாங்கிக்கொண்டு குமாரை அனுப்பிவிட்டார்கள். அவன் பெட்டியும் வசந்தாவும் குழந்தையுமாக நகரியில் வந்து இறங்கினான்.

"யானைகாரு எங்க?" என்றார் மாமா, தலைக்கு மேலே பார்த்து.

"கம்பெனி வாங்கிக்கிச்சு மாமா. நான் மட்டும்தான் கீறேன்."

அத்தைதான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அன்று சாயங்காலம் டிவியில் அந்த நடிகை பல்பொடி டப்பாவோடு சிரித்தாள். மாமா எழுந்துபோய் டிவியை அணைத்தார். "இதுவும் மனுசங்க கைக்குப் போயிட்ச்சா," என்றார். மறுநாளிலிருந்து வேப்பங்குச்சிதான். டிவியின் மேல் போட்ட துணியை யாரும் எடுக்கவில்லை.

குமார் தறியில் இறங்கினான். அறுந்த நூலை முடியக் கற்றுக்கொண்டான். ஆனால் காலையில் கொட்டகையைத் திறப்பதும் பொழுதுபோனால் பூட்டுவதும் மாமாதான். பேச்சு வழக்கம்போல ஒரு சாண் மேலே. அந்த வீட்டில் அவன் விருந்தாளியும் இல்லை, மனிதனும் இல்லை, யானையும் இல்லை.

திருத்தணியில் இருந்த அக்கா ஆடிக் கிருத்திகைக்கு வரச்சொல்லி வருஷா வருஷம் கூப்பிடுவாள். "ராஜ்யம் தாண்டிப் போவணுமே," என்று மாமா கோட்டின் மேல் பழி போடுவார். ராஜ்யம் தாண்ட அரைமணிக்கு ஒரு பஸ் இருந்தது. போகாததற்குக் காரணம் இடுப்புச் சாவி. அதை விட்டுவிட்டுப் போக அவருக்கு ஆள் இல்லை. அந்த ஆடியில் அக்கா சொல்லி அனுப்பிய சேதி வேறு மாதிரி இருந்தது: "என்னால எழுந்திரிக்க முடியலடா. நீ வந்தாத்தான் உண்டு."

கிருத்திகை அன்று காலையில் மாமா மஞ்சள் வேட்டியோடு தறிக்கொட்டகை வாசலில் நின்றார். குமார் உள்ளே நூல் முடிந்துகொண்டிருந்தான். அந்த வருஷம் நான் அம்மா வீட்டில் இருந்தேன், எங்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றவர், கடைசியில் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். குமார் வெளியே வந்தான். மாமா வழக்கம்போல அவன் தலைக்கு மேலே பார்த்தார். அங்கே ஒட்டடை படிந்த ஓடுதான் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் கண் மெல்ல ஒரு சாண் கீழே இறங்கியது.

"யானைய கழட்டியும் உனக்கு இப்பிடி வேர்க்குதேடா," என்றார்.

குமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூணாவது தறில நூலு அறுக்குது. பாத்துக்கோ. நான் வர நாளிக்கி ஆவும்."

"பாத்துக்கறேன் மாமா. நான் சொன்னா..."

"அதெல்லாம் சொல்லாத," என்று மாமா அவன் வாயை அடைத்தார். சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார். "நீ மனுசன்னு தெரிஞ்சேதான் குடுக்கறேன்."